உல்ம் கோபுரத்தின் உயரம் எந்த நூற்றாண்டுக்குச் சொந்தம்?

2025 அக்டோபர் 30 அன்று பார்சிலோனாவின் சக்ராடா ஃபமீலியா தேவாலயத்தில், நடுக்கோபுரத்தின் உச்சிச் சிலுவைக்கான ஒரு பாகம் ஏற்றப்பட்டது. அத்துடன் அதன் உயரம் 162.91 மீட்டரைத் தொட்டது. தென் ஜெர்மனியில் டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள உல்ம் நகரத் தேவாலயத்தின் கோபுரம் 161.53 மீட்டர். உலகின் மிக உயரமான தேவாலயம் என்று 1890 முதல் உல்ம் வைத்திருந்த பட்டம் 1.38 மீட்டர் வித்தியாசத்தில் கைமாறியது. பார்சிலோனாக் கோபுரத்துக்குத் திட்டமிட்ட முழு உயரம் 172.5 மீட்டர் என்பதால், அந்தப் பட்டம் உல்முக்குத் திரும்பி வரப்போவதில்லை.

இதையொட்டி வந்த செய்திகளையும் பகிர்வுகளையும் படித்தவர்களுக்குச் சில விஷயங்கள் குழம்பியிருக்கும். ஒன்றில் "உல்ம் கதீட்ரல்" என்றிருக்கும். இன்னொன்றில் "இடைக்காலத்தின் மிக உயரமான கோபுரம்" என்றிருக்கும். வேறொன்றில் "135 ஆண்டுகள் உலகின் உயரமான கட்டடம்" என்றிருக்கும். மூன்றுமே பிழை. இரண்டாவது பிழையைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் கோபுரம் ஏன் பாதியில் நின்றது, யார் எப்போது முடித்தார்கள் என்ற வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் சொற்கள்

1. கதீட்ரல். ஆயரின் இருக்கைக்கு லத்தீனில் கதீட்ரா என்று பெயர். அந்த இருக்கை உள்ள கோயில்தான் கதீட்ரல், அதாவது பேராலயம். உல்மில் ஒருபோதும் ஆயர் இருந்ததில்லை. இது ஊராரின் பங்குக் கோயில். 1530-களிலிருந்து புராட்டஸ்டண்ட் கோயில்.

2. மியூன்ஸ்டர். மடாலயம் என்று பொருள்படும் மொனாஸ்தேரியம் என்ற லத்தீன் சொல்லின் திரிபு. தென்மேற்கு ஜெர்மனியில் மடாலயமே இல்லாத பெரிய நகரக் கோயில்களையும் இப்படி அழைக்கும் வழக்கம் உண்டு. உல்மின் கோயிலுக்கு இதுதான் சரியான பெயர்.

3. உயரமான தேவாலயம் வேறு, உயரமான கட்டடம் வேறு. கோபுரம் முடிவதற்கு ஓராண்டு முன்பே பாரிஸில் 300 மீட்டர் ஐஃபெல் கோபுரம் எழுந்துவிட்டது. அதற்கும் முன்பே வாஷிங்டன் நினைவுத்தூண் 169 மீட்டரில் நின்றது. உல்ம் பிடித்தது தேவாலயங்களுக்குள் முதலிடம் மட்டும்.

4. உயரம் வேறு, பரப்பு வேறு. வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் ஏறக்குறைய 136 மீட்டர்தான். ஆனால் அதன் உள்பரப்புக்கு முன்னால் உல்ம் சிறியது.

ஊருக்கு வெளியே இருந்த கோயில்

14-ஆம் நூற்றாண்டு உல்ம் எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாத, பேரரசருக்கு மட்டுமே பதில் சொல்லும் தன்னாட்சி நகரம். ஆனால் அதன் பங்குக் கோயில் மதிலுக்கு வெளியே, வயல்வெளியில் இருந்தது. அந்தக் கோயிலின் உரிமையும் வருமானமும் ரைஷனாவ் தீவு மடாலயத்தின் கையில். 1376-இல் பேரரசர் நான்காம் கார்ல் நகரை முற்றுகையிட்டபோது கதவுகள் அடைபட்டன. உள்ளே இருந்தவர்களால் தங்கள் கோயிலுக்கே போக முடியவில்லை.

முற்றுகை முடிந்த மறுவருடமே, 1377 ஜூன் 30 அன்று, நகரத் தலைவர் லுட்விக் கிராஃப்ட் மதிலுக்குள் புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். கோயிலுக்குள் ஒரு தூணில் இந்த நிகழ்ச்சியைக் காட்டும் புடைப்புச் சிற்பம் உண்டு. கிராஃப்டும் அவர் மனைவியும் கோயிலின் மாதிரி வடிவத்தைத் தலைமைக் கல்தச்சரின் முதுகில் ஏற்றிவைக்கிறார்கள். பாரம் யார் தலையில் விழுந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பழைய கோயிலை இடித்தபோது அதன் வாசல் சிற்பங்கள் சிலவற்றையும் எடுத்துவந்து புதியதில் பொருத்தினார்கள். ஆகவே சில வாசல்கள், தாங்கள் நிற்கும் சுவரைவிட வயதில் மூத்தவை.

பணம் துணியிலிருந்து வந்தது. பாவுக்கு லினன் நூலும் ஊடைக்குப் பருத்தி நூலும் போட்டு நெய்யும் பார்ஹெண்ட் என்ற துணிதான் உல்மின் சரக்கு. பருத்தி கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வெனிஸ் வழியாக ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்தது. நெய்த துணியை நகர அதிகாரிகள் சோதித்துத் தரம் பிரித்து முத்திரையிட்ட பிறகே விற்கலாம். அந்த முத்திரைக்கு ஐரோப்பா முழுவதும் மதிப்பு இருந்தது. வெனிஸின் வலிமை, ஆக்ஸ்பூர்கின் ஆடம்பரம், நியூரம்பர்கின் சாமர்த்தியம், ஸ்ட்ராஸ்பூர்கின் பீரங்கி, உல்மின் பணம் ஆகியவையே உலகை ஆள்கின்றன என்று அக்காலத்தில் ஒரு சொலவடையே உண்டு.

அப்போது ஊரின் மக்கள்தொகை சுமார் 10,000. கட்டத் தொடங்கிய கோயிலில் நின்றுகொண்டு 20,000 பேர் வழிபடலாம். இருக்கைகள் அன்று இல்லை, கூடம் முழுவதும் வெறும் தளம். தேவைக்குக் கட்டவில்லை, பெயருக்குக் கட்டினார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்; ஆனால் மடாலயத்துக்கும் பேரரசருக்கும் "இனி எங்கள் கோயில் எங்கள் மதிலுக்குள்" என்று காட்டுவதும் அந்த ஊருக்கு ஒரு தேவைதான்.

கல் மேலே போன விதம்

உயரம் ஏன் நூற்றாண்டுக் கணக்கில் இழுத்தது என்று புரிய, வேலை நடந்த முறை தெரிய வேண்டும்.

பாரம் தூக்கியது ஆள் நடக்கும் சக்கரம். பெரிய மரச் சக்கரத்துக்குள் ஆட்கள் நடப்பார்கள், சக்கரத்தின் அச்சில் கயிறு சுற்றிக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, சக்கரத்தின் விட்டம் 4 மீட்டர், அச்சு உருளையின் விட்டம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கல் 1 மீட்டர் ஏற ஆள் 10 மீட்டர் நடக்க வேண்டும். 70 மீட்டர் உயரத்துக்கு 700 மீட்டர். இரண்டு பேர் நடந்தால் அரை டன் அளவுக்குத் தூக்கலாம். ஏற்றுவதைவிட நிறுத்துவதும் இறக்குவதும்தான் ஆபத்து. கால் இடறினால் கல்லின் எடை சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும், உள்ளே இருப்பவர் சக்கரத்தோடு உருளுவார். உயரம் கூடக்கூட இந்தச் சக்கரத்தையே கழற்றி மேல்தளத்துக்கு நகர்த்தினார்கள்.

கல்லைப் பிடிக்க இரும்பு இடுக்கி. இடுக்கியின் இரு முனைகளும் நழுவாமலிருக்கக் கல்லின் முகத்தில் சிறு குழி வெட்டுவார்கள். தென் ஜெர்மனியின் பழைய கற்சுவர்களில் கல்லின் நடுவே விரல் நுனி அளவில் தெரியும் குழிகள் பெரும்பாலும் இவைதான். குண்டு பாய்ந்த தடம் என்று சொல்பவர்களும் உண்டு, நம்ப வேண்டாம். குழிக்குப் பக்கத்தில் கோடுகளால் ஆன சிறு அடையாளம் இருந்தால் அது கல்தச்சரின் குறி. எத்தனை கல் செதுக்கினார் என்று எண்ணிக் கூலி கொடுக்க அது உதவியது.

சுண்ணாம்புச் சாந்து இன்னொரு தடை. சிமெண்ட் போல அது ஓரிரு நாளில் இறுகாது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி, வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி மெதுவாகக் கல்லாகும். தடிமனான சுவரின் நடுப்பகுதி இறுக ஆண்டுகள் பிடிக்கும். இறுகுமுன் உறைபனி விழுந்தால் சாந்திலுள்ள நீர் உறைந்து விரிந்து, சாந்து பொடியாகும். அதனால் இலையுதிர்காலத்தில் சுவரின் தலையை வைக்கோலும் சாணமும் போட்டு மூடிவிடுவார்கள். குளிர்காலம் முழுவதும் கீழே கொட்டகையில் கல் செதுக்கும் வேலை மட்டும். வசந்தம் வந்தால்தான் மறுபடி சாரம் ஏறுவது.

கணக்கு எங்கே தவறியது

முதலில் வேலை பார்த்தவர்கள் பார்லர் என்ற கல்தச்சர் குடும்பத்தார். அவர்கள் நினைத்தது ஏறக்குறைய ஒரே அகலமுள்ள மூன்று கூடங்கள் கொண்ட கோயில். 1392-இல் பொறுப்பேற்ற உல்ரிஷ் ஃபான் என்சிங்கன் திட்டத்தை மாற்றினார். நடுக்கூடத்தைப் பக்கக்கூடங்களைவிட மிக உயரமாகத் தூக்குவது, மேற்கு வாசலின் மேல் ஒற்றைப் பெருங்கோபுரம் எழுப்புவது என்று முடிவு செய்தார். பக்கக்கூடங்களின் அகலத்தை மட்டும் குறைக்கவில்லை. இங்கேதான் வினை.

வளைகூரை என்பது கீழே அழுத்துவது மட்டுமில்லை, தன் இரு கால்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். வில்லை நிமிர்த்தித் தரையில் ஊன்றி மேலிருந்து அழுத்தினால் முனைகள் விலகுவது போல. அந்தத் தள்ளுதலைத் தடுக்க இரண்டே வழி: வெளியே கனமான முட்டுச்சுவர், அல்லது மறுபக்கமிருந்து சமமாகத் தள்ளும் இன்னொரு வளைவு. அகலம் கூடினால் தள்ளுதலும் கூடும். உல்மின் பக்கக்கூடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நடுக்கூடத்தின் அகலம், அதாவது 15 மீட்டர் அளவு. வெளிச்சுவரோ அதற்கேற்ற பலம் இல்லாதது. நடுக்கூடத்தின் வளைகூரையோ 41 மீட்டருக்கும் மேலே, 1471-இல் மூடப்பட்டது. அதன் தள்ளுதலை வாங்க வெளியே தாங்கு வளைவுகளும் அப்போது இல்லை.

கோபுரத்தில் இன்னொரு சிக்கல். என்சிங்கனுக்குப் பின் அவர் குடும்பத்தாரும், அவர்களுக்குப் பின் மத்தேயூஸ் போப்லிங்கரும் கோபுரத்தை உயர்த்திக்கொண்டே போனார்கள். கோயிலின் மற்றப் பகுதியைவிடப் பலமடங்கு பாரம் அந்த ஒரு மூலையில் இறங்கியது. ஒட்டிக்கட்டிய இரண்டு பகுதிகளில் ஒன்று அதிகமாக அமிழ்ந்தால் சேரும் இடத்தில் விரிசல் விடும். 1490-களின் தொடக்கத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்தபோதே கோபுரத்தின் அடிக்கூரையிலிருந்து கற்கள் விழுந்தன. போப்லிங்கர் ஊரைவிட்டே போனார்.

நகர மன்றம் வெளியூர்த் தலைமைக் கல்தச்சர்களைக் கூட்டி ஆலோசித்தது. வேலை ஆக்ஸ்பூர்கின் புர்க்ஹார்ட் எங்கெல்பெர்கிடம் போனது. அவர் செய்தவை:

1. கோபுரத்தின் அஸ்திவாரத்தைப் பலப்படுத்தினார்.

2. கோபுரத்திலிருந்து பக்கக்கூடங்களுக்குத் திறந்திருந்த பெரிய வளைவுகளைச் சுவர் வைத்து அடைத்தார். இரண்டு தூண்களில் நின்ற பாரம் முழுச் சுவரில் பரவியது.

3. ஒவ்வொரு பக்கக்கூடத்தின் நடுவிலும் மெல்லிய தூண் வரிசை நிறுத்தி அதை இரண்டாகப் பிரித்தார். 1502 முதல் 1507 வரை நடந்த வேலை இது. மூன்று கூடங்கள் ஐந்தாயின.

மூன்றாவது வேலை அழகான பொறியியல். ஒரு வளைவின் அகலம் பாதியானால் அதன் வடிவம் மாறாமலே தள்ளுதலும் பாதியாகிவிடும். புதிய தூணின் மேல் இடமிருந்தும் வலமிருந்தும் இரண்டு சம வளைவுகள் வந்து சாய்வதால் அவற்றின் தள்ளுதல் ஒன்றையொன்று தின்றுவிடும். தூணுக்கு நேர்க்கீழான பாரம் மட்டுமே மிச்சம். அதனால்தான் அத்தனை ஒல்லியான தூண் தாங்குகிறது. இன்று உள்ளே போகிறவர்கள் அந்தத் தூண்களின் நளினத்தைப் படமெடுக்கிறார்கள். அது அழகுக்கு வைத்ததில்லை, கூரை விழாமலிருக்க வைத்தது. ஆக்ஸ்பூர்கில் எங்கெல்பெர்கின் நினைவுக்கல், உல்ம் கோபுரத்தையும் பழுதான வேறு பெரிய கட்டடங்களையும் மீட்டவர் என்று அவரைப் பாராட்டுகிறது. பழுது பார்த்ததற்காக ஒருவரைக் கல்வெட்டில் புகழ்வது அபூர்வம்.

1543: வேலை ஏன் நின்றது

1530 நவம்பரில் உல்ம் நகர ஆண்கள் வாக்களித்தார்கள். பெரும்பான்மை சீர்திருத்த சமயத்தின் பக்கம். மறுவருடம் கோயிலிலிருந்த சுமார் 60 பலிபீடங்களும் ஏராளமான சிலைகளும் அகற்றப்பட்டன. மூத்த யோர்க் சிர்லினின் பட்டறையில் 1469 முதல் 1474 வரை செய்யப்பட்ட மர இருக்கை வரிசை தப்பியது. அதில் பித்தாகரஸ், தாலமி, சிசரோ போன்ற கிறிஸ்தவரல்லாத அறிஞர்களின் மார்பளவுச் சிற்பங்கள் இருக்கின்றன.

"புராட்டஸ்டண்ட் ஆனதால் கட்டுவதை விட்டுவிட்டார்கள்" என்று பயண நூல்கள் ஒரே காரணத்தைச் சொல்லும். மாற்றத்துக்குப் பிறகும் வேலை 13 ஆண்டுகள் ஏதோ ஒரு வேகத்தில் நடந்தது. மூன்று காரணங்கள் சேர்ந்தே அதை நிறுத்தின என்று கொள்வது பொருந்தும்.

முதலாவது, நிதியின் ஊற்று அடைபட்டது. இறந்தவரின் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கவும், தன் குடும்பத்துக்கென்று ஒரு பலிபீடம் அமைக்கவும் பணக்காரர்கள் கொடுத்த பணமே பழைய கட்டுமானத்தின் உயிர். புதிய சமயம் அந்த நம்பிக்கையையே நிராகரித்தது. கொடுப்பதற்குக் காரணம் போனதும் கொடையும் போனது.

இரண்டாவது, வணிகம். கடல்வழிகள் திறந்த பிறகு வெனிஸ் வழிப் பாதையின் எடை மெல்லக் குறைந்தது. உல்மின் செழிப்பு அந்தப் பாதையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, பயம். ஏற்கெனவே கல் உதிர்த்த கோபுரத்தின் மேல் இன்னும் பாரம் ஏற்ற யாருக்குத் துணிவு வரும்?

வேலை நின்றபோது கோபுரம் அரைகுறையாகவே இருந்தது. தலையில் தற்காலிகக் கூரை ஒன்றைக் கவிழ்த்தார்கள். அந்தத் தற்காலிகம் 300 ஆண்டுகள் நீடித்தது.

கொலோன் நகரின் கிரேன்

உல்ம் தனி உதாரணமில்லை. ரைன் நதிக்கரையில் கொலோன் பேராலயம் 1248-இல் தொடங்கி 1560-இல் நின்றது. தெற்குக் கோபுரத்தின் அரைகுறைத் தலையில் பாரம் தூக்கும் மரக்கிரேன் அப்படியே விடப்பட்டது. 1868-இல்தான் அதை இறக்கினார்கள். 300 ஆண்டுகளுக்கும் மேலாகக் கொலோன் நகரின் அடையாளமே வேலை செய்யாத ஒரு கிரேன்தான். பழைய ஓவியங்களில் நகரைக் கண்டுபிடிக்க அதைத் தேடினாலே போதும்.

1814-இல் டார்ம்ஷ்டாட் நகரில், தோலில் வரைந்த கொலோன் முகப்பு வரைபடத்தின் ஒரு பாதி கிடைத்தது. மறு பாதி 1816-இல் பாரிஸில். சேர்த்து வைத்தால் 4 மீட்டருக்கும் மேல் உயரம். நெப்போலியன் போர்கள் முடிந்திருந்த காலம். கூர்வளைவுக் கட்டடக்கலைதான் ஜெர்மானியரின் சொந்தப் பாணி என்று அன்று பலர் நம்பினார்கள். அது பிரான்ஸில் பிறந்த பாணி என்பது வேறு கதை. 1842-இல் கொலோனில் வேலை மறுபடி தொடங்கியது. பிரஷ்ய அரசும் குடிமக்கள் சங்கமும் 1860-களிலிருந்து லாட்டரிச் சீட்டும் பணம் கொடுத்தன. 1880-இல் 157 மீட்டரில் முடிந்தது.

உல்ம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கொலோன் கத்தோலிக்கப் பேராலயம், உல்ம் புராட்டஸ்டண்டுகளின் பெருங்கோயில். போட்டி என்று யாரும் அறிவிக்கவில்லை, அறிவிக்கத் தேவையும் இருக்கவில்லை.

1844 முதல் 1890 வரை

உல்மில் செப்பனிடும் வேலை 1844-இல் ஃபெர்டினாண்ட் த்ரேன் தலைமையில் தொடங்கியது. அவர் முதலில் கோபுரத்தைத் தொடவில்லை. 400 ஆண்டுகளாக விட்டுப்போயிருந்த தாங்கு வளைவுகளைக் கட்டினார். நடுக்கூடத்தின் உயர்ந்த சுவரிலிருந்து பக்கக்கூடக் கூரைக்கு மேலாகப் பாய்ந்து வெளி முட்டில் இறங்கும் அரை வளைவுகள் அவை. கட்டி முடிக்க 1870 ஆனது. அவருக்குப் பின் லுட்விக் ஷொய் கிழக்குக் கோடியின் இரட்டைக் கோபுரங்களை 86 மீட்டருக்கு உயர்த்தினார். அவை முடிந்தது 1880.

கடைசியாக வந்தவர் ஆகுஸ்ட் பெயர். மேலே ஏறுமுன் அவரும் அஸ்திவாரத்துக்குத்தான் போனார். பெருங்கோபுரத்தின் அடியைப் பலப்படுத்திவிட்டு, 1885-இல் எண்கோணப் பகுதியைத் தொடங்கினார். 15-ஆம் நூற்றாண்டில் போப்லிங்கர் வரைந்த கோபுர வரைபடம் பத்திரமாக இருந்ததால் வடிவத்துக்கு அதையே பின்பற்றினார். ஆனால் அளவில் கைவைத்தார். போப்லிங்கர் எண்ணியதைவிடச் சுமார் 10 மீட்டர் கூட்டினார். 1890 மே 31 அன்று உச்சிக்கல் ஏறியபோது உயரம் 161.53 மீட்டர், கொலோனைவிட 4 மீட்டர் அதிகம்.

போப்லிங்கரின் வரைபடத்தை அப்படியே கட்டியிருந்தால் உல்ம் கொலோனுக்குக் கீழேதான் நின்றிருக்கும். ஆக, 135 ஆண்டுகள் பேசப்பட்ட அந்தப் பட்டத்தை வாங்கிக்கொடுத்தது 1880-களில் சேர்த்த 10 மீட்டர். இடைக்காலக் கல்தச்சர்களுக்கு அதில் பங்கில்லை.

இந்தக் காலத்துப் பணமும் லாட்டரியிலும் நன்கொடையிலும் வந்தது. 1877-இல் கோயிலின் 500-ஆம் ஆண்டு விழாவுக்கு உல்மின் யூத சமூகம் எரேமியா தீர்க்கதரிசியின் சிலையைக் கொடுத்தது. அதே நகரம் 1499-இல் யூதர்களை வெளியேற்றியிருந்தது. அவர்களுடைய இடுகாட்டின் கல்லறைக் கற்களைக் கட்டடக் கல்லாகப் பயன்படுத்தியும் இருந்தது. இரண்டும் ஒரே கோயிலில் இருக்கின்றன.

பழையதும் புதியதும்: நேரில் அடையாளம் காண

போய்ப் பார்ப்பவர்களுக்கு வரிசை இதுதான்.

1. வெளியே நின்று கோபுரத்தைப் பாருங்கள். சதுரம் எண்கோணமாக மாறும் இடம் ஏறக்குறைய 70 மீட்டர். அங்கே முதல் பார்வை மாடம். கீழ்ச்சதுரம் 14, 15-ஆம் நூற்றாண்டு. மேலே எண்கோணமும் துளைத்த கூம்பும் பெரும்பாலும் 1885 முதல் 1890 வரை நடந்த வேலை.

2. நடுக்கூடத்தின் வெளிச்சுவரில் செங்கல் தெரியும். எல்லாமே கல் என்று நினைத்து வருபவர்கள் இதைத் தவறவிடுவார்கள். செங்கல் உள்ளூரில் சுட முடிந்தது, நல்ல கல் தூரத்திலிருந்து வரவேண்டும்.

3. பக்கவாட்டில் பாயும் தாங்கு வளைவுகளும், கிழக்கின் இரட்டைக் கோபுரங்களின் மேற்பகுதியும் 19-ஆம் நூற்றாண்டு.

4. உள்ளே பக்கக்கூடத்தின் மெல்லிய தூண்கள் 1502-க்குப் பிறகு. கோபுரத்தை ஒட்டிய அடைத்த வளைவுகளும் எங்கெல்பெர்கின் கைவேலை.

5. படிகள் 768. பார்வை மாடங்கள் 70, 102, 143 மீட்டரில். கடைசிப் பகுதி ஒடுக்கமான சுழல்படி, எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லாத அகலம்.

கூரைமேல் சிட்டுக்குருவி

நடுக்கூடத்தின் கூரை முகட்டில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். கதை இப்படிப் போகும். கோயில் வேலைக்கு நீண்ட உத்திரம் ஒன்றை வண்டியில் குறுக்காக வைத்து ஊர்வாசல் வழியே கொண்டுபோக முடியாமல் உல்ம்காரர்கள் திகைத்தார்களாம். வாசலையே இடிக்கப் போகும் நேரத்தில், ஒரு சிட்டுக்குருவி கூட்டுக்காக வைக்கோலை நீளவாக்கில் நுழைத்ததைப் பார்த்தார்களாம். உத்திரத்தைத் திருப்பினார்கள், வேலை முடிந்தது, குருவிக்குச் சிலை வைத்தார்கள்.

நம் பரமார்த்த குருவின் சீடர்கள் உல்மில் பிறந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் கதை பரவியது 19-ஆம் நூற்றாண்டில், கோயிலைச் செப்பனிட்ட அதே காலத்தில். அதற்கு முன் கூரையிலிருந்தது நோவாவின் பேழைக்கு ஒலிவக் கிளை கொண்டுவந்த புறாவாக இருக்கலாம் என்ற கருத்து உண்டு. வாயில் கிளை வைத்த புறா, வாயில் வைக்கோல் வைத்த குருவியாக மாற அதிக தூரமில்லை. இன்று நகரத்தின் கடைகளில் விற்பது குருவிதான்.

இப்போது என்ன பழுதாகிறது

1944 டிசம்பர் 17 இரவு விமானத் தாக்குதலில் பழைய உல்மின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்தது. சுற்றிலும் இடிபாடாக இருக்க, கோயில் சேதத்தோடு நின்றது. அதன் பிறகான எதிரிகள் மெதுவானவர்கள்.

மணற்கல்லின் மணலைப் பிணைப்பது சுண்ணமாக இருந்தால், காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு மழையோடு சேர்ந்து அதை ஜிப்சமாக மாற்றும். ஜிப்சம் மழைபடாத இடத்தில் கறுப்புப் பொருக்காகப் படியும், பிறகு கல்லின் தோலோடு உரிந்து விழும். நிலக்கரி எரித்த 19, 20-ஆம் நூற்றாண்டுகள் செய்த வேலை இது.

இரண்டாவது எதிரி உள்ளேயே இருக்கிறது. கற்களை ஒன்றோடொன்று பிணைக்க இரும்புக் கொக்கிகளை வைத்து, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றுவது பழைய முறை. ஈயம் ஈரத்தைத் தடுக்கும்வரை சரி. ஓரிடத்தில் விட்டால் இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும், கல் உள்ளிருந்தே பிளக்கும். வெளியே மயிரிழை விரிசல் தெரியும்போது உள்ளே கொக்கி பாதி போயிருக்கும். மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகு வைக்கிறார்கள்.

மூன்றாவது எதிரியைச் சொல்லச் சற்றுக் கூச்சம்தான். 2016-இல் உலகச் செய்திகளில் உல்ம் அடிபட்டது, கோயில் சுவரில் சிறுநீர் கழிப்பதால் கல் கெடுகிறது என்ற புகாரால். சிறுநீரிலுள்ள உப்பு கல்லின் துளைகளுக்குள் போய், காயும்போது படிகமாகி விரிந்து, மணலை உதிர்க்கும். சதுக்கத்தில் திருவிழாக் கூட்டம் கூடும் நாட்களில் பாதிப்பு அதிகம். நகரம் அபராதத்தை இரட்டிப்பாக்கி 100 யூரோ ஆக்கியது.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்வது கோயிலுக்கென்றே இயங்கும் கல்தச்சர் பட்டறை. பௌஹ்யூட்டே என்று பெயர். ஜெர்மனி உள்ளிட்ட ஐந்து ஐரோப்பிய நாடுகளின் இத்தகைய பட்டறைகளை, மரபைக் காக்கும் நல்ல நடைமுறை என்று 2020-இல் யுனெஸ்கோ தன் பதிவேட்டில் சேர்த்தது. உல்ம் பட்டறையும் அதில் ஒன்று. பழைய கல்லை அளந்து, அதே வடிவத்தில் புதியதைச் செதுக்கி, ஈயத்துக்குப் பக்கத்தில் எஃகை வைத்து, சாரத்தை அடுத்த பகுதிக்கு நகர்த்துவதுதான் அவர்களின் அன்றாடம். 162.91 மீட்டர் என்ற செய்தி வந்த வாரமும் சாரம் ஏறும் வேலை வழக்கம்போல்தான் இருந்திருக்கும்.